பால் ஊத்துறதுக்கு முன்னாடி நாடி பிடிச்சுப் பாருங்கய்யா!

மக்கள்ஸ், இன்றைய பதிவு கொஞ்சம் காரம். லினக்ஸ் என்ற வார்த்தையைப் பார்த்ததும் "ஐயோ, ஆரம்பிச்சுட்டான்யா" என்று ஓடுகிற ரங்கமணிகளும் தங்கமணிகளும் ஒரு பத்து நிமிஷம் உட்காரவும். பேசப்போவது உங்கள் காசைப் பற்றி. குடும்பத்துக்கு 8,000 ரூபாய்.

விஷயம் தெரியாத வெளியூர்க்காரர்களுக்காக: நொய்டாவில் நாங்கள் நாற்பத்திரண்டு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடத்துகிறோம். பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசும். எழுதச் சொன்னால் இந்தி எழுத்தில் 'அம்மா' எழுதும். அதற்காக ஆரம்பித்தது. அங்கே எட்டு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. 2014-இல் நேரு பிளேஸில் அசெம்பிள் செய்து வாங்கியவை. ஐ3-4130 பிராசசர், எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். போன மாசம் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது: விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இவற்றில் ஏறாது, ஆகவே எட்டையும் கபாடிவாலாவுக்குப் போட்டுவிட்டு எட்டு புதுசு வாங்குவது. கொட்டேஷன் 3,36,000 ரூபாய். வகுத்துக்கொள்ளுங்கள்.

"கம்ப்யூட்டர்கள் ஆயுள் முடிந்தவை" என்று தீர்மானத்தில் எழுதியிருக்கிறார்கள். யார் சொன்னது? எந்த டாக்டர் பார்த்தார்? ஆள் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போதே பால் ஊற்றக் கிளம்பிவிட்டார்கள்.

நடந்தது இவ்வளவுதான். விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலையில். அந்த வருஷம் மைக்ரோசாஃப்ட்டின் ஆள் ஒருவர் மேடையிலேயே இதுதான் கடைசி விண்டோஸ் என்று பேசினார். நாமும் நம்பினோம். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தது. அதற்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசர் வேண்டும் என்று கோடு போட்டார்கள். 2017-க்கு முன்னால் பிறந்ததெல்லாம் வெளியே. இதில் வேடிக்கை, ஏழாம் தலைமுறையிலும் ஒரு சில சிப்புகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். அதில் ஒன்று அவர்களே விற்றுக்கொண்டிருந்த சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2-க்குள் இருந்த சிப். தன் பிள்ளைக்கு மட்டும் கேட் திறக்கும் வாட்ச்மேன் :-)

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குக் கும்பிடு போட்டார்கள். வீட்டு உபயோகத்துக்கு இன்னொரு வருஷம், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்று ஓர் ஆக்சிஜன் சிலிண்டரும் வைத்தார்கள். இதனால் உலகம் முழுக்க 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகலாம் என்று கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே கணக்குச் சொன்னது. நம்முடைய எட்டும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

கவனியுங்கள், அந்த அக்டோபர் 14 இரவு எந்த டிரான்சிஸ்டரும் சாகவில்லை. காலாவதியானது மென்பொருள். கபாடிவாலா வண்டியில் ஏறப்போவது மட்டும் வன்பொருள். இது எந்த ஊர் நியாயம்?

"ஆனா சார், ரொம்ப ஸ்லோ சார். ஆன் பண்ணா கிளாஸ் முடியற நேரத்துக்குத்தான் டெஸ்க்டாப் வருது." சரி, இது உண்மையான புகார். ஆனால் குற்றவாளி பிராசசர் இல்லை. அந்தச் சுழலும் ஹார்டு டிஸ்க். ஒவ்வொரு துண்டு ஃபைலுக்கும் அதன் முள் இங்கேயும் அங்கேயும் ஓட வேண்டும், ஒரு தடவைக்குச் சுமார் பத்து மில்லிசெகண்ட். எஸ்எஸ்டியில் ஓடுவதற்கு முள்ளே கிடையாது; அதே வேலை பத்தில் ஒரு மில்லிசெகண்டில் முடியும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது இப்படி ஆயிரக்கணக்கான துண்டுகளைத் தேட வேண்டியிருக்கிறது. போதாததற்கு 4 ஜிபி ராம் நிரம்பி வழிந்து, வழிந்ததெல்லாம் அதே ஹார்டு டிஸ்க்கில் போய் விழும். மாவாட்டும் கல் நன்றாகத்தான் சுற்றுகிறது, அரிசி அள்ளிப்போடும் கைதான் நடுங்குகிறது.

கமிட்டியிடம் சொல்லிவிட்டு ஒரு பொட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். (கார் டிக்கியில் இடம் பிடிக்க தங்கமணியின் பாத்திர மூட்டை பின் சீட்டுக்குப் போனது தனிக்கதை.) மூடியைத் திறந்தால் பன்னிரண்டு வருஷத் தில்லித் தூசி, போர்வை மாதிரி. ஊதித் தள்ளி, ஹீட் சிங்க்கைக் கழற்றிக் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதுசு தடவினேன். தேதி 2014-க்கே போய் நிற்கிறது என்று இரண்டு வருஷமாகப் புலம்பினார்களே, அதற்கு மருந்து சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரி, ஐம்பது ரூபாய். இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ராம், நேரு பிளேஸில் பழசு, ஆயிரம் ரூபாய். 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி 2,500 ரூபாய். எச்81 போர்டில் வேகமான சாட்டா பொந்து இரண்டுதான் உண்டு, மற்ற இரண்டும் பாதி வேகம். போர்டில் பொடி எழுத்தில் 6ஜி என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துச் சொருக வேண்டும். பெரிய வித்தை அவ்வளவுதான்.

பிறகு லினக்ஸ் மின்ட் 22, அதில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பென்டிரைவில் ஏற்றி, ஆன் செய்தவுடன் எஃப்12 தட்டி, முதலில் இன்ஸ்டால் செய்யாமல் லைவாகவே ஓட்டிப் பார்த்தேன். நெட்வொர்க், சவுண்ட், திரை எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் உள்ளே போட்டேன். இருபது நிமிஷம் ஆனது. இப்போது சுவிட்ச் போட்டு அரை நிமிஷத்தில் திரை வந்துவிடுகிறது. இந்தப் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு.

எட்டுக்கும் சேர்த்து என் கணக்கு, பேஸ்ட் பேட்டரி உட்பட, சுமார் 29,000 ரூபாய். குடும்பத்துக்கு எழுநூறு கூட வராது. 8,000 எங்கே, 700 எங்கே! போதாக்குறைக்கு 2025 கடைசியிலிருந்து ராம் விலை எகிறியதில் புதுக் கம்ப்யூட்டர் விலையும் ஏறியது. வாங்குவதற்கு இதைவிட மோசமான நேரம் பார்த்துத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள்.

இனி எதிர்ப்புகள். முதல் எதிர்ப்பு, "லினக்ஸ் எல்லாம் நமக்குச் சரிப்படாது சார், கஷ்டம்." இதைச் சொன்னவர் யார் தெரியுமோ? குர்காவுனில் ஒரு கம்பெனியில் தினம் பத்து மணி நேரம் லினக்ஸ் சர்வருக்குள் புகுந்து ஆணி பிடுங்குகிறவர்! அவர் வீட்டு ஈஎம்ஐயைக் கட்டுவது லினக்ஸ். அவர் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் இருப்பது லினக்ஸ். 2017 நவம்பரிலிருந்து உலகின் டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர் பட்டியலில் இருப்பவை எல்லாமே லினக்ஸ். ஆபீஸில் சோறு போடும் சாமி, வீட்டுக்குள் வந்தால் தீட்டா?

இரண்டாவது, "பிள்ளைங்க ஸ்கூல்ல விண்டோஸ்தானே, குழம்பிடும்." பக்கத்து மாநிலம் கேரளத்தைப் பாருங்கள். 2000-களின் பிற்பாதியிலிருந்தே அரசுப் பள்ளிகளில் லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் பாடம். இன்றைக்கும் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தன் பள்ளிகளுக்கென்றே ஒரு தொகுப்பு தருகிறது. அந்தப் பிள்ளைகள் குழம்பிப்போய் நடுத்தெருவில் நிற்கவில்லை. நம் தமிழ்நாட்டுக் கதைதான் வேறு. 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸையும் சேர்த்தே போட்டுக் கொடுத்தார்கள். எத்தனை பேர் ஒரு தடவையாவது அந்தப் பக்கம் திறந்து பார்த்தோம்? கற்றுக்கொடுக்க ஆள் வைக்காமல் பொட்டியை மட்டும் கொடுத்தால் அப்படித்தான். ஊரில் தம்பி தங்கை வீட்டுப் பரணில் அந்த லேப்டாப் இருந்தால், அடுத்த லீவில் போகும்போது இறக்கிப் பாருங்கள்.

மூன்றாவது எதிர்ப்புதான் எனக்குக் கோபம் வருவது. "தமிழ் டைப் பண்ண முடியுமா?" தமிழ் வகுப்புக் கமிட்டி கேட்கிற கேள்வியா இது! ஐபஸ் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, ஆங்கிலத்தில் அடித்தால் தமிழாக மாறும் முறையும் இருக்கிறது. எழுத்துருக்கு லோஹித், நோட்டோ. லிப்ரே ஆபீஸை முழுக்கத் தமிழ் மெனுவோடே ஓட்டலாம். படம் வரைய டக்ஸ் பெயின்ட், சின்னவர்களுக்கு ஜிகாம்ப்ரிஸ். பைசா கிடையாது. சந்தேகம் கேட்கவும் ஆள் உண்டு. 2012-லிருந்து கணியம் இணைய இதழில் தமிழிலேயே எழுதிக் குவித்திருக்கிறார்கள். காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. அந்த எட்டிலும் இப்போது இருக்கும் விண்டோஸ் காசு கொடுத்து வாங்கியதா என்று கேட்டால் கமிட்டியில் எல்லாரும் ஏன் ஃபேனைப் பார்க்கிறீர்கள்?

லினக்ஸ் வெறியர்களுக்கும் இந்தப் பதிவில் ஒரு குட்டு உண்டு. எல்லாப் பழசையும் உயிர்ப்பிக்கலாம் என்று கிளம்பாதீர்கள். பென்டியம் 4-ஐ விட்டுவிடுங்கள் அப்பா! அது கரண்டைக் குடிக்கும், அறையைச் சூடாக்கும், ஒரு யூடியூப் வீடியோவுக்கு மூச்சு வாங்கும். பழைய 32-பிட் பொட்டிகளுக்கு லினக்ஸ் உலகமே கதவைச் சாத்திக்கொண்டு வருகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ அவற்றில் புதிதாக நிறுவ வழியில்லை. கோர் 2 டுவோவில் ராமையும் எஸ்எஸ்டியையும் போட்டால் எழுத, படிக்க ஆகும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ஐ3, ஐ5 இரண்டாம் தலைமுறைக்கு மேல் என்றால் தாராளமாகக் கை வைக்கலாம். என் சொந்த லேப்டாப் 2012-ஆம் வருஷத்துத் திங்க்பேட் டி430. இந்தப் பதிவை அடித்துக்கொண்டிருப்பது அதில்தான். பழைய லேப்டாப்பில் பிராட்காம் வைஃபை இருந்தால் மட்டும் முதல் நாள் கண்ணாமூச்சி ஆடும். போனை யுஎஸ்பியில் சொருகி அதன் நெட்டைக் கொடுத்து டிரைவர் மேனேஜரைத் திறந்தால் வழிக்கு வந்துவிடும்.

எல்லாருக்கும் ஆகுமா என்றால் ஆகாது. டாலி வைத்துக் கணக்கு எழுதுகிறவர், ஆட்டோகேட் காரர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோடு மல்லுக்கட்டும் ஆடிட்டர், இவர்கள் விண்டோஸிலேயே இருங்கள். சில ஆன்லைன் பரீட்சைகளும் விண்டோஸ்தான் கேட்கும். வகுப்பில் இருக்கும் கேனான் எல்பிபி 2900 பிரிண்டர் லினக்ஸில் நிச்சயம் அழவைக்கும். அதற்கு என் யோசனை, ஆபீஸ் மேஜையில் இருக்கும் பொருளாளரின் விண்டோஸ் 11 லேப்டாப்போடு அது இருக்கட்டும். அச்சடிக்க வேண்டியதை பிடிஎஃப் ஆக்கி அங்கே அனுப்பிக்கொள்ளலாம். நம் பிள்ளைகள் அங்கே செய்வது ஆத்திசூடி அடிப்பதும், படம் வரைவதும், பிரவுசரில் தேடுவதும். இதற்கு டிபிஎம் 2.0 எதற்கு?

கபாடிவாலா கதைக்கும் வருகிறேன். "ரீசைக்கிள் பண்ணிடுவாங்க சார்" என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். நொய்டாவிலிருந்து சீலம்பூர் எவ்வளவு தூரம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். மானிட்டரையும் போர்டையும் வெறுங்கையால் உடைக்கிறார்கள். உ.பி.யில் மொரதாபாத் பக்கம் செம்புக்காகப் போர்டுகளை எரித்த சாம்பல் ராம்கங்கை கரையில் குவிந்தது ஊரறிந்த விஷயம். மின்கழிவுக்கு 2022-இல் புது விதிகள் வந்து, 2023 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். தெருமுனைத் தள்ளுவண்டி அந்தப் பட்டியலில் இல்லை. நிஜமாகவே செத்த பொட்டியைக்கூட அவரிடம் போடாதீர்கள். உயிரோடு இருப்பதைப் போடுவதைப் பற்றி என்ன சொல்ல!

வருகிற ஞாயிறு பொதுக்குழு. தீர்மானம் ஓட்டுக்கு வருகிறது. என் மாற்றுத் தீர்மானம்: 29,000 ரூபாய்க்கு எட்டையும் சரி செய்வது, மிச்சப்படும் காசு வசூலே ஆக வேண்டாம். மீதி ஏழு பொட்டிக்கான வேலையை நான் இரண்டு ஞாயிறில் முடித்துத் தருகிறேன், கூடமாட இரண்டு பேர் வந்தால் போதும், ஸ்க்ரூடிரைவர் என்னிடம் இருக்கிறது. ஓட்டுப் போடுவதற்கு முன்னால் உட்கார்ந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு, நான் சரி செய்த பொட்டி மூன்றாவது மேஜையில் திரும்ப வந்துவிட்டது. பாஸ்வேர்டு தெரியாவிட்டால் நாலாங்கிளாஸ் பிள்ளைகளிடம் கேளுங்கள், அவர்கள் இரண்டு வாரமாக அதில்தான் ஆத்திசூடி அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.