பின்தங்குவது குழந்தையா, சொற்பட்டியலா?

பெங்களூரு ஒக்கலிபுரத்தில், வீட்டில் தமிழ் பேசும் 30 குழந்தைகளிடமும் கன்னடம் பேசும் 30 குழந்தைகளிடமும் 40 கன்னடச் சொற்களுக்குப் பொருள் கேட்கப்படுவதாகக் கொள்ளலாம். கிடைக்கும் 2,400 விடைகளும் 2,400 தனித்தனிச் சான்றுகள் ஆகா. ஒரே குழந்தையின் விடைகளும், ஒரே சொல்லுக்கான விடைகளும் தம்முள் தொடர்புடையவை.

‘கண்ணு’ தமிழ்க் குழந்தைக்கு எளிது. பகரம் ஹகரமாகத் திரிந்த ‘ஹாலு’வில் பாலைக் கண்டுகொள்வது அத்துணை எளிதன்று. பட்டியல் மாறினால் ‘தமிழ்க் குழந்தைகள் பின்தங்குகின்றனர்’ என்னும் முடிவும் மாறக்கூடும். சொற்களும் ஒரு பெருந்தொகுதியிலிருந்து எடுத்த கூறே என்பதை மறக்கும் இப்பிழையை ஹெர்பர்ட் கிளார்க் 1973-இலேயே சுட்டினார். குழந்தை, சொல் இரண்டையும் சமவாய்ப்பு விளைவுகளாக ஒருங்கே கொள்ளும் கலப்பு விளைவு மாதிரியை பாயன், டேவிட்சன், பேட்ஸ் ஆகியோரின் 2008 கட்டுரை மொழியாய்வில் பரவலாக்கியது.

எனினும், மாதிரியின் பெயரைக் குறிப்பிட்டால் மட்டும் போதாது. வீட்டுமொழியின் விளைவு சொல்லுக்குச் சொல் வேறுபட இடந்தரும் சாய்வும் அதில் இருத்தல் வேண்டும். 2013-இல் பார் முதலியோர் வலியுறுத்தியது இத்தகைய சாய்வுகளையே. மாதிரி குவியவில்லை என்று மென்பொருள் எச்சரித்ததும் அச்சாய்வை ஓசையின்றி நீக்கிவிடுவது இன்று வழக்கமாகி வருகிறது. நீக்க நேர்ந்தால் அதனையும் காரணத்தையும் ஆய்வேட்டில் எழுதுவதே முறை. இல்லையேல், சில சொற்களின் கடினம் ஒரு சமூகத்தின் குறையாக அச்சேறிவிடும்.