ஹைப்பர் காரும் நமது முச்சக்கர வண்டியும்

சேகரிப்பில் ஆர்வமுள்ள செல்வந்தர்களுக்காகவே எண்ணிச் செய்யப்படும் கார்கள் உண்டு. புகாட்டி நிறுவனம் தனது ஷிரோன் காரில் 500 மட்டுமே செய்தது. நமது நாட்டில் வேகா நிறுவனமும் அந்த வகையில் ஒரு மின்சாரக் காரை உருவாக்கியது. அதை 2020 மார்ச்சில் ஜெனீவாக் கண்காட்சியில் வைக்க இருந்தார்கள். கொரோனாவினால் கண்காட்சியே இரத்தானது.

கோடீஸ்வரர்களின் விளையாட்டுப் பொருளால் மாத்தளை வியாபாரிக்கு என்ன இலாபம் என்று கேட்கலாம். நான் அதை வீண் வேலையாகக் கருதவில்லை. அதே நிறுவனம் பின்னர் மின்சார முச்சக்கர வண்டி ஒன்றையும் உருவாக்கியது. விலை கூடிய வாகனத்தில் கற்ற தொழில், ஏழையின் வண்டிக்கும் இறங்கி வருகிறது.

நாம் கவனிக்க வேண்டியது இங்கேதான். மின்சார வண்டியில் காபரேட்டர் இல்லை, பிளக் இல்லை, எஞ்சின் ஒயிலும் இல்லை. அவற்றை விற்றுப் பிழைக்கும் உதிரிப்பாகக் கடைகள் நமது ஊரில் எத்தனை! அவர்களுக்கு எஞ்சப்போவது டயரும் பிரேக்கும் போன்ற சில சாமான்களே.

எனவே கராஜ், உதிரிப்பாகக் கடை வைத்திருப்போர் இப்போதே ஒரு பையனையாவது பற்றரி, மின்மோட்டார் வேலை பழக அனுப்ப வேண்டும். பழைய சரக்கில் அளவுக்கு மிஞ்சி முதலைப் போட்டு வைக்கவும் கூடாது. வாடிக்கையாளர் வண்டியை மாற்றிய பிறகு நாம் விழித்துப் பயனில்லை.