மணி அடிக்கிறது, எழுந்து போக ஆளில்லை

குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ 2023-இல் தொண்டு நிறுவனங்களிடமிருந்து எடுத்து, 112 அவசர எண்ணோடு இணைத்து, மாநில அரசுகளின் கட்டுப்பாட்டு அறைகளிடம் ஒப்படைத்தார்கள். உதவி இன்னும் விரைவாகக் கிடைக்கும் என்று அன்று சொன்னார்கள். எண் அப்படியே இருக்கிறது. அழைத்தால் மணியும் அடிக்கிறது. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் விட்ட வேலையைக் கிராமங்களில் தொடர நினைக்கும் சிறு அமைப்புகள் இன்று பணம் கேட்டு மும்பை அலுவலகங்களின் படியேறிக்கொண்டிருக்கின்றன. எடுத்த முடிவு தவறு. அதன் விளைவு கண்முன்னே தெரிந்த பிறகும் திருத்த மறுப்பது அதைவிடப் பெரிய தவறு.

இந்த எண் பிறந்த இடம் டெல்லி அல்ல, நம் செம்பூரை ஒட்டிய தேவ்னார். 1996 ஜூனில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாக இது தொடங்கியது. ரயில் நிலையங்களிலும் இரவுக் காப்பகங்களிலும் கிடந்த சிறுவர்களோடு உட்கார்ந்து பேசிப் பேசி, அவர்கள் எதைக் கேட்டார்களோ அதையே சேவையாக வடித்தார் ஜெரூ பில்லிமோரியா. எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையாலும் ‘தஸ், நௌ, ஆட்’ (பத்து, ஒன்பது, எட்டு) என்று எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ள முடிந்தது. அழைக்கக் காசு வேண்டாம். அழைப்பு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஓர் ஆள் அந்தக் குழந்தையின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் என்பது அந்தச் சேவையின் நெறி. இந்த அடிப்படையில் வளர்ந்துதான் 500-க்கும் மேற்பட்ட மாவட்டங்களையும், 100-க்கும் மேற்பட்ட ரயில் நிலையங்களையும், சுமார் 1,000 தொண்டு நிறுவனங்களையும் இணைத்த வலையாக அது ஆனது.

அந்த வலையின் வேலை தொலைபேசியை எடுப்பதோடு முடிந்ததென்று முடிவெடுத்தவர்கள் நினைத்துவிட்டார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

கொடுமைக்கு ஆளாகும் கிராமத்துக் குழந்தை முதல் நாளிலேயே போனை எடுத்துப் புகார் சொல்லாது. கொடுமை செய்தவர் பல நேரம் தெரிந்தவர். மாமாவாக, பக்கத்து வீட்டு அண்ணனாக, டியூஷன் வாத்தியாராக இருப்பார். மத்திய அரசே 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 53 விழுக்காட்டுக்கும் மேலான குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அப்படிப்பட்ட பிள்ளை ஒருநாள் எண்ணைச் சுழற்றும், மூச்சு மட்டும் கேட்கும், வைத்துவிடும். மறுநாளும் அப்படியே. 1098-ஐ நடத்திவந்த சைல்டுலைன் அமைப்பின் ஊழியர்கள் அதை மௌன அழைப்பு என்பார்கள். அந்த மௌனத்துக்குப் பொறுமையாகக் காத்திருக்கப் பழகியவர்கள் அவர்கள். விபத்துக்கும் தீக்கும் கொள்ளைக்கும் நொடிக்கணக்கில் பதில் சொல்லப் பழகிய அவசர ஏற்பாட்டில் அந்த மௌனத்துக்கு என்ன இடம்?

அவசரம் என்று தோன்றினால் அழைப்பு 112-க்குப் போகிறது. 112 என்றால் பெரும்பாலும் காவல் வண்டி. நகரத்தில் வண்டி வந்து நின்றால் நாலு பேர் பார்த்துவிட்டு நகர்வார்கள். கிராமத்தில் ஒரு வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நின்றால் அன்று மாலைக்குள் ஊருக்கே கதை தெரியும். அடுத்த நாள் அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகாது. தாய் புகாரை மறுப்பாள். தகப்பன் பிள்ளையைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவான், சில நேரம் கொடுமை செய்தவரின் வீட்டுக்கே. அவசரத்தில் போலீஸ் வேண்டும்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் போலீஸ் வருவதற்கு முன்பு அந்த வாசலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்து, அந்தத் தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கான சம்பளத்தைத்தான் நிறுத்தினார்கள்.

அப்படிப்பட்ட ஆட்கள் இருந்தபோது மாதந்தோறும் பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டி, பெரியவர்களையும் உட்காரவைத்து, பிள்ளைகளே தங்கள் குறைகளைச் சொல்லும் கூட்டங்கள் நடந்தன. பள்ளிக்கூடச் சுவர்களில் எண்ணை எழுதினார்கள். சந்தை நாளில் பாட்டுப் பாடிச் சொன்னார்கள். குடிகாரத் தகப்பன் வீட்டுக்கும், கடனில் மூழ்கிய தாய் வீட்டுக்கும் திரும்பத் திரும்பப் போனார்கள். இதுதான் தடுப்பு வேலை. புதிய ஏற்பாட்டில் மாவட்டத் தலைநகரில் ஒரு சிறு அலகு இருக்கிறது. அங்கே பணிபுரிகிறவர்கள் நல்ல மனத்தோடு உழைக்கலாம். ஆனால் நமக்கு அருகிலுள்ள பால்கர் மாவட்டத்தையே பாருங்கள். ஜவ்ஹார், மொக்காடா மலைத் தாலுகாக்களில் மழை நின்றதும் குடும்பம் குடும்பமாகச் செங்கல் சூளைக்குக் கிளம்புகிறார்கள். பிள்ளைகள் சூளை ஓரத்தில் குடிசைகளில் கிடக்கிறார்கள் அல்லது கிழவியிடம் விடப்படுகிறார்கள். மாவட்டத் தலைநகரில் இருக்கும் நாலைந்து பேர் பாடா எனப்படும் அத்தனை குக்கிராமங்களுக்கும் எந்த நாளில் போய்ச் சேருவார்கள்? கிராம அளவில் குழந்தைப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்று 2009-இல் வந்த திட்டமே சொன்னது. கூட்டம் நடத்தவும் ஊர் சுற்றவும் ஆளும் படியும் தராமல் அமைக்கும் குழு ஏட்டில்தான் வாழும்.

இது நமக்கு அந்நியமான கதை அல்ல. தாராவியின் 90 அடி ரோட்டிலும் கிராஸ் ரோட்டிலும் இருக்கிற எத்தனையோ குடும்பங்களுக்கு ஒரு கால் இங்கே, ஒரு கால் நெல்லைச் சீமையில். வாடகை கட்டுப்படியாகாதபோது, தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விடும்போது, பிள்ளையை ஆச்சியிடம் அனுப்புகிறோம். ஊரில் பிள்ளை பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறோம். வாரம் ஒருமுறை போனில் ‘சாப்பிட்டியா’ என்று கேட்கிறோம். பிள்ளை ‘ம்’ என்கிறது. அந்த ‘ம்’-முக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க அந்த ஊரில் ஓர் ஆள் வேண்டும். இங்கே சால் வீட்டில் இருக்கும் தாய்க்கு அந்த ஆளைச் சம்பளம் கொடுத்து வைக்க முடியாது. அதற்குத்தான் அரசு இருக்கிறது.

வீடு தேடிப்போகும் வேலை பலன் தருமா என்று கேட்பவர்களுக்கு உலகம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா என்ற சிற்றூர்ப் பகுதியில் 1970-களின் பிற்பகுதியில் டேவிட் ஓல்ட்ஸ் 400 கர்ப்பிணிப் பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினார். ஒரு பகுதியினரின் வீட்டுக்கு நர்ஸ்கள் கர்ப்ப காலத்திலிருந்து குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை போய்வந்தார்கள். மருந்தைவிடப் பேச்சுதான் அதிகம். 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, நர்ஸ் போய்வந்த குடும்பங்களில் குழந்தைக் கொடுமையும் புறக்கணிப்பும் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. குழந்தைகள் மீதான வன்முறையைத் தடுக்க 2016-இல் உலக சுகாதார நிறுவனம் முன்வைத்த ஏழு வழிகளிலும் பெற்றோருக்குத் துணை, குடும்ப வருமானத்துக்குத் துணை இரண்டும் இருக்கின்றன. நம் தாராவியிலேயே சியான் மருத்துவமனையின் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் 1999-இல் தொடங்கிய ‘ஸ்நேஹா’ வீடு வீடாகப் போய் வன்முறைத் தடுப்பு வேலை செய்துவருகிறது. வழி தெரியாமல் யாரும் இங்கே தவிக்கவில்லை.

பணம்தான் கேள்வி. 2022-23, 2023-24, 2024-25 மூன்று ஆண்டுகளும் மத்திய பட்ஜெட்டில் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமான ‘மிஷன் வாத்சல்யா’வுக்கு ஒதுக்கப்பட்டது அதே 1,472 கோடி ரூபாய். 2025-26-இல் 1,500 கோடி. அந்த ஆண்டின் மொத்த பட்ஜெட்டோ 50 லட்சம் கோடிக்கு மேல். நூறு ரூபாயில் மூன்று காசு. நாட்டில் 18 வயதுக்குட்பட்டோர் சுமார் 44 கோடி என்றால், தலைக்கு ஆண்டுக்கு 34 ரூபாய். தாதரில் ஒரு வடாபாவும் ஒரு கட்டிங் சாயும் வாங்கினால் தீர்ந்துவிடும். இன்னொரு பக்கம், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களாக தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிந்தவை 2021-இல் 1,49,404, 2022-இல் 1,62,449, 2023-இல் 1,77,335. பதிவு கூடியதற்கு விழிப்புணர்வும் ஒரு காரணம் என்று வைத்துக்கொண்டாலும், அந்த விழிப்புணர்வை ஊட்டியவர்களைத்தானே கலைத்தார்கள்?

அரசு கைவிட்ட பிறகு அமைப்புகள் எங்கே போகும்? தாராவியிலிருந்து மிதி ஆற்றைத் தாண்டினால் பாந்த்ரா–குர்லா வளாகம். நாட்டின் பெரிய கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி அங்கேயும் நரிமன் பாயிண்டிலும்தான் தீர்மானமாகிறது. லாபத்தில் 2 விழுக்காடு செலவிட வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டம். எதற்குச் செலவிடலாம் என்ற அட்டவணையில் குழந்தைக் கொடுமைத் தடுப்பு என்று தனியாக ஒரு வரி இல்லை. கம்பெனி இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை என்கிறது அதே சட்டம். கம்பெனியே இல்லாத மலைத் தாலுகாவுக்கு எது வட்டாரம்? வகுப்பறை கட்டினால் கல்வெட்டு வைக்கலாம், சைக்கிள் கொடுத்தால் படம் எடுக்கலாம். நடக்காமல் தடுக்கப்பட்ட ஒரு கொடுமையை எந்த அறிக்கையில் எண்ணிக் காட்டுவது? ‘எத்தனை குழந்தைகளைக் காப்பாற்றினீர்கள்’ என்ற கேள்விக்கு நேர்மையான களப்பணியாளரிடம் எண் கிடையாது. ஆகவே பணமும் கிடையாது.

குடும்பங்களுக்கு நேரடி உதவி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். ஆனால் கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000, நகரத்தில் 96,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. மகாராஷ்டிரத்தில் 2025-26-க்கு அரசே நிர்ணயித்த ஊரக வேலைக் கூலி நாளுக்கு 312 ரூபாய். மாதம் 20 நாள் அந்தக் கூலி கிடைத்தாலே ஒருவருடைய வருமானம் வரம்பைத் தாண்டிவிடும். அரசே வகுத்த கூலியை வாங்குகிறவன் அரசின் உதவிக்கு அதிகப் பணக்காரன் என்றால், அந்த வரம்பை எழுதியவர்கள் எந்தக் குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதினார்கள்?

இப்படிக் கைவிடுவது ஆட்சியாளர்களுக்குப் புதிதல்ல. உழைக்கும் தாய்மார்களின் கைக்குழந்தைகளுக்கு நாடெங்கும் காப்பகங்கள் இருந்தன. 2017-இல் செலவைப் பங்குபிரித்து, 60 மத்திய அரசுக்கு, 30 மாநிலத்துக்கு, 10 தொண்டு நிறுவனத்துக்கு என்று மாற்றினார்கள். ஆயிரக்கணக்கான காப்பகங்கள் பூட்டப்பட்டன. சில ஆண்டு கழித்து, காப்பகங்கள் தேவை என்று கண்டுபிடித்து, ‘பால்னா’ என்று புதுப்பெயர் சூட்டினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் சூளையோரத்திலும் வரப்பிலும் விடப்பட்ட பிள்ளைகளுக்கு யார் பொறுப்பேற்றார்கள்? 1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் முதல் களங்களில் சிவகாசியும் ஒன்று. 2021-இல் அதைப் பள்ளிக் கல்வித் திட்டத்துக்குள் கரைத்தார்கள். தனிப் பயிற்சிப் பள்ளிகள் போயின. கொரோனாவில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கென்று 2021-இல் பெரிய அறிவிப்போடு வந்த திட்டத்துக்கு 9,331 விண்ணப்பங்கள் சேர்ந்தன. அவற்றில் 4,781 தள்ளுபடியாயின. பாதிக்கு மேல்! 2024 ஆகஸ்டில் பத்லாபூரில் மழலையர் பள்ளிச் சிறுமிகள் இருவருக்கு நேர்ந்த பாலியல் கொடுமை குறித்துப் புகார் பதியவே பெற்றோர் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். மக்கள் தண்டவாளத்தில் இறங்கிப் போராடிய மறுநாள் பள்ளிகளில் கேமரா பொருத்த ஆணை வந்தது. கேமரா பார்க்கும், பேசாது. பிள்ளை பேசுவதற்கு மனிதர் வேண்டும் என்பது இவர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை. பெயரை மாற்றுவார்கள், இணைப்பார்கள், கரைப்பார்கள். களத்தில் இருந்தவரை மட்டும் கேட்க மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறோம். கொலாபாவில் ‘ஆங்கரேஜ்’ என்ற காப்பகத்தில் ஏழைச் சிறுவர்களைச் சீரழித்த வெளிநாட்டவர் இருவரின் கொடுமை 2001-இல் அம்பலமானது. விசாரணை நீதிமன்றம் 2006-இல் தண்டித்தது. 2008-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. அதோடு சைல்டுலைன் அமைப்பும் ஒரு பெண் வழக்கறிஞரும் தாமாக உச்ச நீதிமன்றப் படியேறினார்கள். 2011 மார்ச்சில் தண்டனை உறுதியானது. தெருப்பிள்ளைகளுக்காகப் பத்தாண்டு விடாமல் நின்ற அந்த மன உறுதியை எந்தக் கட்டுப்பாட்டு அறை தரும்? அறையில் இருப்பவர் பணிநேரம் முடிந்தால் எழுந்து போக வேண்டியவர். அழைப்பை மாற்றிவிட்டால் அவர் கடமை முடிந்தது. கொலாபாச் சிறுவர்களுக்குக் கிடைத்த நீதி, கடமை முடிந்த பிறகும் எழுந்து போகாதவர்களால் கிடைத்தது. அவர்களைத்தான் தேவையில்லை என்று ஒரு சுற்றறிக்கையால் கழற்றிவிட்டார்கள். இதைச் சீர்திருத்தம் என்று சொல்லும் எவரையும் நாம் நம்பத் தயாரில்லை.

முடிவை மறுபரிசீலனை செய்யுங்கள். எண் அரசிடமே இருக்கட்டும், அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் ஊருக்குள் நடந்துபோகிறவர்களுக்கான பணம் அரசின் கணக்கிலிருந்தே வர வேண்டும், கம்பெனிகளின் தயவிலிருந்து அல்ல. அது எந்த வழியாக, எந்த அளவில் என்பதைக் களத்தில் கால் தேய நடந்தவர்களை அழைத்து உட்காரவைத்துப் பேசி முடிவுசெய்யட்டும். தேவ்னாரில் 1996-இல் அப்படித்தான் செய்தார்கள். பிள்ளைகளிடம் முதலில் கேட்டார்கள்.