பொதுக் கணினிகளுக்குத் தமிழ் லோகேல்: தென்சென்னைப் புறநகர்ப் பயனர்களின் கோரிக்கைச் சாசனம்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் வட்டாரத்தில் பள்ளியிலும் நூலகத்திலும் இ-சேவை மையத்திலும் கணினியை நம்பியிருக்கும் நாங்கள், தமிழ்நாடு அரசிடமும் தாம்பரம் மாநகராட்சியிடமும் கேட்பவை இவை.

பொதுப் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு லினக்ஸ் கணினியும் தமிழ்-இந்தியா, யூடிஎஃப்-8 லோகேலோடு (மொழி, தேதி, எண், அகரவரிசை ஆகியவற்றுக்கான வட்டார அமைப்போடு) கைக்கு வர வேண்டும். நிறுவும்போது அமெரிக்க ஆங்கிலத்தைத் தேர்ந்தால் ஏப்ரல் 3-ஐ 04/03 என்று காட்டும். நாம் அதை மார்ச் 4 என்று படிப்போம். பத்து லட்சத்தின் காற்புள்ளிகள் இடம் மாறி 1,000,000 ஆகிவிடும். ஏ4 தாளுக்குப் பதில் லெட்டர் அளவு உட்கார்ந்துகொள்ளும்.

பெயர் வரிசைதான் எங்களுக்குப் பெரிய குறை. யூனிகோட் அட்டவணையில் ள முன்னே, ழ பின்னே. ன-வோ ந-வுக்கு அடுத்தே நிற்கிறது. லோகேல் சொல்லாத கணினி அந்த எண் வரிசையையே பிடித்துக்கொண்டு பள்ளிக்கரணையை முதலிலும் பழவந்தாங்கலைப் பிறகும் வைக்கும். 'ய ர ல வ ழ ள ற ன' என்று படித்த பிள்ளை நூலகப் பட்டியலில் எங்கே தேடும்? அகராதி வரிசை எங்கள் உரிமை. தரவுத்தளத்தில் இந்த வரிசைமுறை பெரும்பாலும் உருவாக்கும்போதே பதிந்துவிடும், பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஆகவே டெண்டரிலேயே எழுதுங்கள்.

லோகேலைத் தீர்மானிக்கும் 'எல்சி_ஆல்' மாறியை எந்த நிரலும் நிரந்தரமாக 'சி' (எந்த மொழியையும் சாராத அடிப்படை லோகேல்) என்று வைக்கக் கூடாது. மற்ற அமைப்புகள் எல்லாவற்றையும் அது மீறிவிடும். பழுதுபார்ப்பவருக்கு ஆங்கிலப் பிழைச்செய்தி வேண்டுமென்றால் 'எல்சி_மெசேஜஸ்' ஒன்றை மட்டும் ஆங்கிலமாக்கினால் போதும். வரிசையும் தேதியும் தமிழிலேயே இருக்கட்டும்.

விசைப்பலகை தமிழ் 99 முறையில் இருக்க வேண்டும். அரசே 1999-இல் ஏற்றது. அதைத் தேடிச் சேர்க்கும் வேலையைப் பயனர் தலையில் கட்டாதீர்கள்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையமும் கட்டற்ற மென்பொருளுக்காகச் சேர்ந்து உழைத்தவை. இந்திய மொழிகளுக்கான பாஸ் லினக்ஸ் சி-டாக்கின் படைப்பு. அறிவு பக்கத்திலேயே இருக்கிறது. அவற்றின் துணையோடு பள்ளிக் கணினி ஆசிரியர்களுக்கும் இ-சேவை ஊழியர்களுக்கும் லோகேல் அமைக்கப் பயிற்சி கொடுங்கள்.

க்னோம், கேடிஇ, லிப்ரேஆபிஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களின் தமிழாக்கத்தில் பெரும்பகுதி தன்னார்வலர் உழைப்பு. பாதியில் ஆங்கிலமாகிவிடும் பட்டிகளை முடிக்க அவர்களுக்கு ஊதியம் கொடுங்கள். அதற்கு ஆண்டுதோறும் பட்ஜெட்டில் தனித் தலைப்பு வேண்டும்.