மலைக்கு மேலிருந்தும் கீழிருந்தும்

பதுளையிலிருந்து பசறை வழியாக மடுல்சீமைக்கு ஏறும் பாதை, பயணிகளின் பொறுமையைச் சோதிப்பது. ஆனால், மேலே கிடைக்கும் காட்சி அந்தச் சோர்வையெல்லாம் போக்கிவிடும். பிட்டமாறுவ மலைவிளிம்பில் விடியற்காலையில் நின்றால், காலடியில் மேகம். மேகம் விலகினால் கிழக்கே விரிந்து கிடக்கும் தாழ்நிலம். ஹோட்டன் சமவெளியிலுள்ள 'உலக முடிவை' நினைவூட்டுவதால், இதனைச் 'சிறிய உலக முடிவு' என்று அழைக்கிறார்கள். அங்கு நின்றபோது, இத்தனை ஆண்டுகாலப் பத்திரிகைத் தொழிலில் நான் சேர்த்துவைத்திருந்த சொற்கள் எவையும் உதவிக்கு வரவில்லை. படைத்தவருக்கு நன்றி சொல்லத் தோன்றியது, அவ்வளவுதான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்துச் சிற்றாலயத்தில் வழிபாடு முடிந்து வெளியே வந்த முதிய தாய் ஒருவரிடம் என் மகிழ்ச்சியைச் சொன்னேன். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர் அவர். சிரித்துக்கொண்டே, "ஐயா, நீங்க மலைய மேல இருந்து பாக்குறீங்க. நாங்க மலைக்குக் கீழ படுக்குறோம். மழை பெஞ்சா ராத்திரி தூக்கமே வராதுங்க" என்றார்.

அந்த அச்சம் வீணானதன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, இதே பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை, மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. அப்படியிருக்க, படைப்பின் அழகைக் கண்டு இறைவனில் மகிழுங்கள் என்று லயத்தில் வாழ்பவரிடம் சொல்லலாமா? அது, பார்த்துவிட்டுத் திரும்பிப் போகக்கூடியவர்களுக்கு மட்டுமே உரிய பக்தியாகிவிடாதா?

வீடு திரும்பிய பின்னரும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. விவிலியத்தைப் புரட்டினேன். திருப்பாடல் 121 மலைகளை ஏறிட்டுப் பார்ப்பதில் தொடங்குகிறது. ஆனால், அது தன் நம்பிக்கையை மலைகளின்மீது வைக்கவில்லை. அவற்றைப் படைத்தவர்மீது வைக்கிறது. பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபு கேள்விமேல் கேள்வி கேட்கிறார். இறுதியில் இறைவன் அவருக்குக் காரணம் எதையும் விளக்குவதில்லை. கடலையும் பனியையும் விண்மீன்களையும் காட்டு விலங்குகளையும் பற்றிப் பேசுகிறார். யோபுவின் துயரம் பெரிது. ஆனால், அவரைத் தாங்கும் கரம் அதனினும் பெரிது என்பதே அதிலிருந்து நான் புரிந்துகொண்டது.

அசிசியின் புனித பிரான்சிஸ், படைப்புகளின் பாடலை 1225இல் இயற்றினார் என்பர். அப்போது அவர் கடும் நோயாளி. ஏறத்தாழப் பார்வை இழந்தவர். வெளிச்சமே அவருடைய கண்களுக்கு வேதனை தந்தது. அந்நிலையில்தான் சூரியனைச் சகோதரன் என்று அழைத்துப் பாடினார். ஆகவே, படைப்பில் பிறக்கும் கிறிஸ்தவ மகிழ்ச்சி வசதியானவர்களின் சொத்தன்று. ஆபத்து எதுவும் நேராது என்ற உத்தரவாதமும் அன்று. ஆபத்தின் நடுவிலும் கைவிடப்படவில்லை என்ற உறுதி அது.

அதே பாடலிலிருந்து தலைப்பை எடுத்துக்கொண்ட திருத்தந்தை பிரான்சிஸின் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடல், பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேட்கச் சொல்கிறது. மலையகத்தில் இவ்விரண்டும் ஒரே குரல்தான். காடுகளை அழித்து முதலில் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் நட்ட சரிவுகளில்தான் தொழிலாளரைக் குடியமர்த்தினார்கள். மீரியபெத்தையில் மண்சரிவு அபாயம் இருப்பதாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அதன் பின்னும் மக்கள் அங்கேயே வாழ நேர்ந்தது. அந்த மரணங்களை 'இறைவனின் சித்தம்' என்று சொல்லி முடித்துவிடுவது பக்தியாகாது. மனிதர் செய்யத் தவறியதை இறைவன்மீது சுமத்துவதாகும். படைப்பை வியப்பவர்கள், அதன் எச்சரிக்கைகளுக்கும் செவிகொடுக்க வேண்டும். பாதுகாப்பான நிலத்தில் சொந்த வீடு வேண்டும் என்ற மலையக மக்களின் கோரிக்கைக்கு ஆலயங்களிலிருந்தும் ஆதரவுக் குரல் எழ வேண்டும்.

அந்தத் தாயிடம் அன்று இன்னொன்றும் கேட்டேன். இத்தனை பயத்தோடு இருந்தும் ஆலயத்துக்கு வந்து எப்படிப் பாட முடிகிறது என்று. அவர் யோசிக்கவே இல்லை.

"விடிஞ்சதும் கதவத் தொறந்தா மலை அங்கேயே நிக்குதுங்க. நாங்களும் இருக்கோம். பாடாம என்னங்க செய்யுறது?"

விளிம்பில் நின்று நான் சொன்ன நன்றியைவிட, இரவெல்லாம் விழித்திருந்து அவர் சொல்லும் நன்றி உயர்ந்தது என்றே நினைக்கிறேன். அவர் தூங்கக்கூடிய ஓர் இரவை உறுதிசெய்வது மட்டும் நம் பொறுப்பு.