எந்த அறிஞர்? எந்த நூல்?

“அறிஞர்கள் இவ்வாறு கூறுவர்”, “மேனாட்டு ஆராய்ச்சியாளரும் இதனை வியந்து போற்றுவர்.” மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் மாநாட்டு மலர்களையும் கட்டுரைத் தொகுதிகளையும் புரட்டுவோர் கண்ணில் அடிக்கடி படும் தொடர்கள் இவை. எந்த அறிஞர்? எந்த நூல்? எந்தப் பதிப்பு? எந்தப் பக்கம்? இவ்வினாக்களுக்கு அக்கட்டுரைகள் விடை தருவதில்லை. இதனைச் சிறு குறையெனக் கருதிப் பொறுத்துக்கொள்வோர் உளர். ஆராய்ச்சி என்னும் பெயரைத் தாங்கிவரும் எழுத்துக்கு இதைவிடப் பெரிய இழுக்கு வேறில்லை.

இக்குறைக்குச் சொல்லப்படும் சமாதானங்கள் மூன்று. அடிக்குறிப்பும் நூற்பட்டியலும் மேனாட்டார் வழக்கம், தமிழ் மரபுக்கு அயலானவை என்பது முதலாவது. இந்நாட்டுத் தமிழரைப் பற்றி முன்னர் எவரும் ஆராயவில்லை, ஆகவே தேடுவதற்கு ஒன்றுமில்லை என்பது இரண்டாவது. பள்ளி மாணவர்க்கும் பயிற்சி ஆசிரியர்க்கும் இத்துணை நுட்பம் வேண்டா என்பது மூன்றாவது. மூன்றும் உரைகல்லில் நில்லாதவை.

தமிழ் மரபைத் துணைக்கு அழைப்போர் அம்மரபை அறிந்திருத்தல் வேண்டும். தொல்காப்பியர் தமக்கு முன்னிருந்தோர் கருத்தைச் சொல்லுமிடத்து ‘என்ப’ என்றும் ‘என்மனார்’ என்றும் குறித்துச் செல்கிறார். பவணந்தி முனிவரின் நன்னூல், முதனூல், வழிநூல், சார்புநூல் என நூல்களை வகுத்து, ஒரு நூல் எதன் வழி வந்தது என்பதைக் கேட்கக் கற்பிக்கிறது. நூலாசிரியர் கொள்ளத்தக்க மதம் ஏழு என்றும் அது கூறும். பிறர் கருத்துக்கு உடன்படல், அதனை மறுத்தல், முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தல், இருவர் முரண்படுமிடத்து ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டல், பிறரைச் சாராது தன் கருத்தைக் கொள்ளல். முன்னோர் எழுதியதைத் தேடிப் படியாதவன் இவ்வேழில் எதனைச் செய்ய இயலும்? உடன்படுவதற்கும் மறுப்பதற்கும் முதலில் படித்திருக்க வேண்டுமன்றோ? படியாமல் எழுதுபவனுக்கு எஞ்சுவது, அதே நன்னூல் பத்துக் குற்றங்களுள் ஒன்றாக எண்ணிய ‘கூறியது கூறல்’ மட்டுமே. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், தமக்குக் கிடைத்த ஏட்டுப் பிரதிகளையும் அவற்றை உதவியோரையும் முகவுரையில் குறித்தார். மூலத்தைக் காட்டுதல் அயலார் வழக்கமென்பது அவரையும் அயலாராக்குவதாகும்.

தேடுவதற்கு ஒன்றுமில்லை என்பது சோம்பலுக்கு இட்ட புனைபெயர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தனிநாயக அடிகளார், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூட உழைத்தார். அதே ஆண்டில் தமிழியல் நூல்களுக்கு வழிகாட்டும் பட்டியல் ஒன்றையும் வெளியிட்டார். மாநாட்டைப் புகழ்ந்து பேசுவோர் பலர். அப்பட்டியலைக் கையில் எடுத்தவர் எத்தனை பேர்? மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் திரட்டி இராம சுப்பையா தொகுத்த பட்டியல் 1969இல் வெளிவந்தது. இந்தியர் குடியேற்றம் பற்றிய கெர்னியல் சிங் சந்துவின் ஆங்கில நூலும் அவ்வாண்டிலேயே வந்தது. சின்னப்பா அரசரத்தினத்தின் நூல் 1970இல் தொடர்ந்தது. இவற்றைப் பாராமல் “எவரும் ஆராயவில்லை” என்று தொடங்கும் கட்டுரை, முதல் வரியிலேயே பொய்யுரைத்து விடுகிறது.

தேடினால் விளையும் பயனுக்குச் சான்றொன்று உண்டு. சிங்கப்பூரில் அச்சான முதல் தமிழ் நூல், 1887இல் வெளிவந்த சதாசிவப் பண்டிதரின் சிங்கை நகரந்தாதி என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றொருவர் எழுதினார். பின்னர், 1872இல் அங்கு அச்சான ‘முனாஜாத்துத் திரட்டு’ என்னும் நூல் கண்டறியப்பட்டது. சிங்கப்பூர்த் தமிழிலக்கிய வரலாறு பதினைந்து ஆண்டுகள் பின்னோக்கி நீண்டது. மேடை முழக்கம் எதுவும் அதனை நீட்டவில்லை. தேடிப் பார்த்த கண்களே நீட்டின.

மாணவர்க்கு இது வேண்டா என்பதே மூன்றனுள்ளும் கொடிது. பள்ளியில் கற்பிக்கப்படாத நேர்மை பல்கலைக்கழகத்தில் திடீரென முளைப்பதில்லை. மாணவன் ஒரு நூலிலிருந்து செய்தி எடுக்கும்போது ஆசிரியர் பெயர், நூற்பெயர், ஆண்டு, பக்கம் ஆகிய நான்கையும் ஓர் அட்டையில் குறிக்கச் சொல்லுதல் கடினமான பாடமா? ஒரே செய்தியை இரு நூல்கள் வேறுவேறாகச் சொல்லுமாயின், எது எந்தச் சான்றைக் காட்டுகிறது என்று கேட்கப் பழக்குதல் இயலாத செயலா? பிறர் எடுத்தாண்ட மேற்கோளை மூலத்தோடு ஒப்பிடாமல் தான் கண்டதுபோல் எழுதுவது களவு என்று சொல்லிக் கொடுக்க ஆசிரியருக்கு நாணம் ஏன்? இணையத்திலிருந்து ஒரு நொடியில் பக்கம் பக்கமாகப் படியெடுக்க முடிகின்ற இக்காலத்தில் இப்பயிற்சியின் தேவை பன்மடங்கு பெருகியிருக்கிறது.

இதில் பணயமாக இருப்பது கட்டுரையின் அழகு மட்டுமன்று. 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ் வகுப்பை முதலாகக் கொண்டு, 2016இல் மலேசியத் தமிழ்க்கல்வியின் 200ஆம் ஆண்டு கொண்டாடப்பட்டது. பெருமைக்குரிய செய்தியே. ஆயினும், அதற்கான மூல ஆவணம் யாது என்று தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவன் எழுந்து கேட்டால், மேடையில் அமர்ந்திருப்போருள் எத்தனை பேர் விடை பகர்வர்? தன் வரலாற்றுக்குச் சான்று காட்ட இயலாத சமுதாயத்தின் உரிமைக் குரல் அரசு அலுவலகத்திலும் எடுபடாது, ஆய்வரங்கிலும் எடுபடாது. பிறர் எழுதி வைத்த கணக்கைக் கொண்டே அது தன்னை அளந்துகொள்ள நேரிடும்.

ஆசிரியர் பெருமக்கள் இன்றே ஒன்று செய்யலாம். மாணவன் கட்டுரையில் “அறிஞர் கூறுவர்” என்னும் தொடர் வந்தால், அதன் கீழே சிவப்பு மையால் இரண்டு வினாக்களை எழுதுக: எந்த அறிஞர்? எந்த நூல்? அவ்வாறே, ஆசிரியர் எழுதும் மலர்க் கட்டுரையில் அத்தொடர் வருமாயின், மாணவர்கள் அதே வினாக்களை அஞ்சாது எழுப்புக. கேள்விக்கு அஞ்சாத எழுத்தே ஆராய்ச்சி எனப்படும்.