பிளஸ் டூ முடிகிறது, தடைக்காலம் தொடங்குகிறது

2025-ல் பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 25 அன்று முடிந்தது. மே 8-ல் முடிவுகள் வந்தன. கல்லூரிகளில் முதலாம் ஆண்டு வகுப்பு தொடங்க ஜூன் கடைசி ஆனது. பொறியியல் மாணவர்கள் ஆகஸ்ட் வரை காத்திருந்தார்கள். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு சற்று முன்பின்னாக மாறலாம். எப்படிப் பார்த்தாலும் மூன்று மாதம் பிள்ளைகள் கையில் இருக்கிறது.

வடசென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் அந்த மூன்று மாதத்துக்குக் கணக்கே வேறு. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பிள்ளை தேர்வு முடித்து வீட்டில் இருக்கும் நாட்களில் அப்பாவும் தொழில் இல்லாமல் கரையில் இருக்கிறார். அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். வாடகை, வட்டி, மளிகை எல்லாவற்றுக்கும் அதுதான். விசைப்படகு இல்லாத எண்ணூர் ஆற்று மீனவர்களுக்கு நெருக்கடி வேறு வகையில் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்து படிந்த எண்ணெய், அவர்களின் படகையும் வலையையும் ஒருசேர நாசமாக்கியது.

“சும்மாதானே இருக்கே, ரெண்டு மாசம் வேலைக்குப் போயேன்” என்ற பேச்சு இந்த நேரத்தில்தான் எழுகிறது. கன்டெய்னர் யார்டு, டிரெய்லர் லாரியில் கிளீனர், பட்டறை, கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை என்று ராயபுரத்திலிருந்து மணலி வரை ஆள் தேடும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்கு உதவ நினைக்கும் பிள்ளையைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. எந்த வேலை, எதுவரைக்கும் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் பெரியவர்கள் கேட்டே ஆக வேண்டும்.

பிளஸ் டூ முடிக்கும்போது பெரும்பாலோருக்கு வயது 17. குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ம் ஆண்டுத் திருத்தம், 18 வயது நிரம்பாதவர்களைச் சுரங்கம், தீப்பற்றும் பொருட்கள், அபாயகரமான உற்பத்தி ஆகிய வேலைகளில் சேர்க்கத் தடை விதிக்கிறது. மீறும் முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். சுத்திகரிப்பு ஆலை, உரம், ரசாயனம், வார்ப்படம் என இந்தத் தொழில் வட்டாரத்தின் முக்கியத் தொழில்கள் பலவும் அபாயகரப் பட்டியலில் வருபவை. ஆதாரைக்கூடப் பார்க்காமல் ஆள் எடுக்கும் கான்ட்ராக்டரிடம் பிள்ளையை அனுப்பக் கூடாது.

எதுவரைக்கும் என்ற கேள்வி இன்னும் முக்கியமானது. வாரச் சம்பளம் கைக்கு வந்து பழகிய பையனுக்கு, விண்ணப்பத்தின் கடைசித் தேதி கடந்துபோவது தெரிவதில்லை. “அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்று தள்ளிப்போட்ட படிப்பு அத்தோடு நின்றுபோகிறது.

அதனால் ஏப்ரல் மாதத்தின் முதல் வேலை சான்றிதழ். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வீட்டில் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அது வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று படிப்படியாகப் போய்த் திரும்ப வேண்டும். மதிப்பெண் பட்டியலில் இனிஷியலாக இருக்கும் அப்பா பெயர் ஆதாரில் முழுதாக இருக்கும். அம்மா பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். முடிவு வந்த பிறகு இதைத் திருத்த ஓடினால், திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் தாலுகா அலுவலக வாசலில் நாள் முழுக்க நிற்க வேண்டியதுதான். ஏப்ரலில் அந்தக் கூட்டம் இருக்காது.

கைத்தொழிலில் நாட்டம் உள்ளவர்களுக்கும் வழி இருக்கிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் தலா 1,010 அப்ரண்டிஸ் இடங்களை அறிவித்தது. 15 வயது நிரம்பிய, பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கும் அதில் இடம் உண்டு. பிளஸ் டூ படித்தவர்களுக்கு மாத உதவித்தொகையாக 7,000 ரூபாய் குறிப்பிட்டிருந்தார்கள். பிளஸ் டூவில் உரிய பாடம் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இது பல வீடுகளுக்குத் தெரியாது.

தடைக்காலமே ஒரு பள்ளிக்கூடமாகவும் ஆகலாம். காசிமேட்டில் அந்த 61 நாளில்தான் படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயிண்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்து மேய்கிறார்கள். மெக்கானிக் பக்கத்தில் நின்று, கழற்றிய இன்ஜெக்டரை டீசலில் கழுவிக் கொடுத்து, எது எங்கே பொருந்துகிறது என்று பார்க்கும் பையன், டிப்ளமோ வகுப்பில் முதல் நாளே மற்றவர்களுக்கு முன்னால் இருப்பான்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த மாதங்கள் இன்னும் கடினம். சமையலும் தம்பி தங்கையும் அவர்கள் தலையில் விழும். கல்யாணப் பேச்சும் மெல்ல வரும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்வியில் சேரும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் ஆண்களுக்கும் உண்டு. விளையாட்டுக்கும் இந்த நாட்களில் இடம் வேண்டும். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள். அப்போது அவருக்கு வயது 17. மகள் கேரம் பலகை முன் உட்காருவதை வெட்டிப்பொழுது என்று அந்த வீடு நினைத்திருந்தால் அந்தப் பதக்கங்கள் இல்லை. ஆடவும் படிக்கவும் சும்மா இருக்கவும் 17 வயதுக்கு உரிமை உண்டு.

இவ்வளவையும் குடும்பத்தின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. அரசுக்கும் பங்கு உண்டு. 2024 மார்ச் 14 அன்று தங்கசாலையில் 4,181 கோடி ரூபாய் மதிப்பில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகம், குளிர்சாதன அறையில் அமைதியாக உட்கார்ந்து படிக்க இடம் தருகிறது. ஒண்டுக்குடித்தன வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்லத் தேவையில்லை. எண்ணூரிலும் கத்திவாக்கத்திலும் இருப்பவர்கள் நடந்தே போகும் தூரத்தில் அப்படி ஓர் இடம் வேண்டும்.

தேர்வு முடிந்ததும் பள்ளியின் பொறுப்பு முடிந்துவிடக் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ஓர் ஆசிரியர் விண்ணப்ப உதவிக்கு இருக்க வேண்டும். அந்தப் பணிக்குத் தனி ஊதியம் தர வேண்டும். தவறியவர்களை வீடு தேடிப் போய், ஜூன் கடைசியில் வரும் துணைத்தேர்வுக்கு உட்கார வைக்க வேண்டும். இந்த மண்ணிலும் இந்தக் காற்றிலும் லாபம் பார்க்கும் ஆலைகளுக்கும் ஒரு கடமை இருக்கிறது. பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு அபாயமில்லாத பிரிவுகளில், உதவித்தொகையோடு, ஜூனில் முடிந்துவிடும் கோடைப் பயிற்சியை அவை தர வேண்டும். அடுத்த தடைக்காலத்துக்குள் இதில் பாதியாவது நடக்க, மாநகராட்சியும் பள்ளிக் கல்வித் துறையும் ஆலை நிர்வாகங்களும் இப்போதே கூடிப் பேச வேண்டும்.